கமறாத மிளகாய்

எங்கள் கூவனேந்தலில் ஓர் ஆள் பிழைப்பாரா மாட்டாரா என்று பார்க்க நாடி பிடிப்பதில்லை, நாக்கில் மிளகாய் தொட்டு வைப்போம். கண்மாய்க்குக் கீழே கரிசலில் மழையை நம்பி விளைகிற குண்டு மிளகாய் கோலிக்குண்டு அளவுதான் இருக்கும், ஆனால் காய்ந்த ஒன்றை நசுக்கி நாக்கு நுனியில் வைத்தால் மூன்று நாளாகக் கண் திறக்காதவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நம்மைத் திட்டுவார். திட்டிவிட்டால் சரி, கூடியிருக்கிற சொந்தக்காரர்கள் காப்பி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பலாம், திட்டாமல் படுத்திருந்தால்தான் வெளியூருக்கு ஆள் அனுப்புவோம். வழிவிட்டானுடைய அப்பாவுக்கு அந்தச் சோதனைகூடத் தேவைப்படவில்லை. திடமாக நடமாடிக்கொண்டிருந்த மனிதர் ஒரு நாள் மத்தியானம் கம்மங்கஞ்சிக்கு மிளகாய்த் துவையலைத் தொட்டு நக்கிவிட்டு, "என்ன இன்னைக்கு இதுல காரமே இல்ல?" என்று கேட்டார், வீட்டில் அத்தனை பேரும் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள், சரியாகப் பத்தாம் நாள் போய்ச் சேர்ந்தார். அப்போது வழிவிட்டானுக்கு இருபத்திரண்டு வயது. கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போய்க்கொண்டிருந்தவன், அந்தப் பத்து நாளும் கரண்டியைத் தொடாமல் அப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

எங்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. தூரதேசம் போகிற புருஷனுக்குப் பெண்டாட்டி ஏழு குண்டு மிளகாயை மஞ்சள் துணியில் முடிந்து சட்டைப் பையில் வைத்துவிடுவாள், அதற்கு முடிச்சு மிளகாய் என்று பேர். போன இடத்தில் பட்டினி கிடந்தாலும் முடிச்சைப் பிரிக்கக் கூடாது, கடிக்கக் கூடாது, அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும். வந்தவனை வாசலில் நிறுத்தி அதே மிளகாயால் வலமும் இடமும் மூன்று மூன்று தடவை சுற்றி அடுப்பில் போடுவோம், தெருவே இருமித் தும்முகிற மாதிரிக் கமறினால் ஆளோடு கெட்டது எதுவும் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்று அர்த்தம், கமறாமல் எரிந்தால் எவனோ கண் வைத்திருக்கிறான், அதற்கு மேல் செய்ய வேண்டியதையெல்லாம் செய்வோம்.

வழிவிட்டான் கப்பலில் சமையல்காரனாகப் போனபோது அவன் பெண்டாட்டி மங்களேஸ்வரியும் அப்படித்தான் முடிந்து கொடுத்தாள். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் அவள் சொன்னதை நாங்கள் நாலைந்து பேர் கேட்டோம்.

"ஏழு இருக்கு. பையில கனமாத் தெரியுதா?"

"தெரியுது, தெரியுது."

"வாய்க்கு ருசியில்லாமப் போனாலும் சரி, ஊரு நெனப்பு வந்தாலும் சரி, இத மட்டும் கடிச்சிராதீங்க. கடிச்சீங்கன்னா வீடு வந்து சேர மாட்டீங்க, ஆமா."

"ஏழு மிளகாய வச்சு நான் என்ன விருந்தா வைக்கப் போறேன்?" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள், ஆனால் சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் அவனை பஸ் ஏறவிட்டாள்.

அப்போது ஊருக்கே ஒரு போன்தான், அது போஸ்ட் ஆபீசில் இருந்தது, தூறல் விழுந்தால் செத்துவிடும். பதினாலு மாதத்தில் நாலு கடிதம் வந்தது. ஐப்பசி மழையில் அவனுக்குப் பதிலாக அவனுடைய தகரப்பெட்டி வந்து சேர்ந்தது, கூடவே இங்கிலீஷில் ஒரு காகிதம். வாத்தியார் அதைப் படித்துச் சொன்னார்: மெக்சிகோ தேசத்தில் வெராக்ரூஸ் என்கிற துறைமுகத்தில் அனுமதி இல்லாமல் இறங்கிப் போன வழிவிட்டான் என்பவர் கப்பல் கிளம்புகிற வரைக்கும் திரும்பவில்லை, ஆகவே அவர் பேர் அடிக்கப்பட்டுவிட்டது. மெக்சிகோ எங்கிட்டு இருக்கிறது என்று கேட்டோம். வாத்தியார் பள்ளிக்கூடத்துப் பூமி உருண்டையில் எங்கள் ஊர் இருக்கிற இடத்தில் கட்டைவிரலை வைத்து, உருண்டையின் அந்தப் பக்கம் மற்ற விரல்கள் போய்த் தொடுகிற இடத்தைக் காட்டினார். எங்களுக்கு அடியிலேயே இருக்கிற ஊர் என்று தெரிந்ததில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

வழிவிட்டானுக்கு ஒரே அக்கா, உமையாள், பக்கத்து வீடுதான். அவள் காகிதத்தைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாத கண்ணால் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்தம்பி பொண்டாட்டிய விட்டுட்டு ஓடிப்போறவன் இல்ல, செத்துத்தான் போயிருப்பான்" என்றாள். தம்பி மானத்தைக் காப்பாற்றுவதற்காக அவனைச் சாகடிக்கவும் தயங்காதவள்.

"ஓடிப்போயிருந்தாலும் பரவால்ல மதினி," என்றாள் மங்களேஸ்வரி. "எங்கிட்டாவது உசுரோட இருக்கட்டும்."

பெட்டியில் நாலு கைலி, இரண்டு கரண்டி, ஒரு தேய்ந்த அரிவாள்மணை, ஒரு சாக்குப் பை இருந்தன. எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டு மங்களேஸ்வரி தேடியது மஞ்சள் துணி முடிச்சை. அது இல்லை. அப்படியானால் அது அவன் சட்டைப் பையிலேயே இருக்கிறது, முடிச்சு மிளகாயோடு இறங்கியவன் முடிச்சு மிளகாயோடு வந்துவிடுவான் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். கருமாதி வேண்டாம், தாலியில் யாரும் கை வைக்கவும் வேண்டாம்.

சாக்குப் பையில் இருந்தது மிளகாய்தான், ஆனால் நாங்கள் யாரும் கண்டிராத மிளகாய். உள்ளங்கை அகலம், கறுத்த சிவப்பு, பேரீச்சம்பழம் மாதிரிச் சுருங்கி, முகர்ந்தால் காய்ந்த திராட்சையும் புகையிலையும் கலந்த ஒரு வாசனை. உமையாள் துணிந்து ஒன்றைக் கடித்தாள். மெல்ல மென்றாள். "இனிக்குதுடீ" என்றாள், மிளகாயைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதற்கு வெட்கப்பட்டவள்போல முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஊரே வந்து ஆளுக்கொரு துண்டு கிள்ளித் தின்று பார்த்தது. காரம் துளிகூட இல்லை. இதையெல்லாம் விளைவிக்கிற சனங்களும் இருக்கிறார்களே என்று பரிதாபப்பட்டோம்.

அந்த வாரம் உமையாளின் பேத்தி, ஆறு மாதக் கைக்குழந்தை, விடாமல் அழுதது. சுத்திப் போட வேண்டும், ஆனால் போன வருஷத்து மிளகாய் விற்றுத் தீர்ந்துவிட்டது, வயலில் இருப்பது முழங்கால் உயரச் செடி, மழையில் கமுதிச் சந்தைக்குப் பஸ் இல்லை. மங்களேஸ்வரிதான் சாக்கிலிருந்து மூன்று மிளகாயைக் கொண்டுவந்து கொடுத்தாள். உமையாள் குழந்தையைச் சுற்றி, தாயைத் துப்பச் செய்து, அடுப்பில் ஒவ்வொன்றாகப் போட்டாள். முதல் மிளகாய் தீயில் உப்பி வெடித்தது, உள்ளேயிருந்து வழிவிட்டான், "வெங்காயம் நல்லா வதங்கட்டும், அவசரப்பட்டா கெட்டுப்போகும்" என்றான். இரண்டாவது, "இன்னைக்குப் பறக்குற மீன் பாத்தேன், ரெக்கையெல்லாம் இருக்கு" என்றது. மூன்றாவது வெறுமனே பெருமூச்சு விட்டது.

மங்களேஸ்வரி அடுப்புப் பக்கம் குனிந்து காதை வைத்தாள். மற்ற எங்களுக்கெல்லாம் அவன் பேசியது பெரிதாகப் படவில்லை, பேச்சு யாருக்கும் வரும். மூன்று மிளகாய் முழுசாக எரிந்தும் ஒரு பொட்டுக்கூடக் கமறவில்லையே, அதைத்தான் வாசலுக்கு வாசல் போய்ச் சொன்னோம். மூன்று மிளகாயின் கமறலை முழுங்கின கண் எவ்வளவு பெரிய கண்ணாக இருக்கும்? மறுபடி ஆறு போட்டுப் பார்த்தோம், கமறவில்லை. பன்னிரண்டு போட்டோம். பயந்துபோய் அவரவர் பிள்ளைகளுக்கும் சுற்றிப் பார்க்கலாம் என்று தெருத் தெருவாக வந்து வாங்கிப் போனார்கள், எந்த வீட்டிலும் கமறவில்லை, மாட்டுக்குக் கமறவில்லை, டிராக்டருக்குக் கமறவில்லை, கூவனேந்தல் முழுக்கக் கண் பட்டிருக்கிறது என்பது உறுதியாகிவிட்டது. மொத்தமாகப் போட்ட அடுப்புகளில் வழிவிட்டான் பத்துப் பதினைந்து குரலில் ஒரே நேரத்தில் பேசினான், சந்தைக் கூச்சல் மாதிரி ஒன்றும் விளங்கவில்லை, நாங்கள் விளங்கிக்கொள்ளவும் பார்க்கவில்லை, மூக்கை நீட்டிக்கொண்டு புகையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மங்களேஸ்வரி வாசலில் நின்று அள்ளி அள்ளிக் கொடுத்தாள். கொடுப்பது என்னவென்று அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது, ஆனால் அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிற தாயிடம் இல்லை என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்? மூன்று நாளில் சாக்கில் முக்கால்வாசி போய்விட்டது.

நாலாம் நாள் மழை விட்டு, கமுதியிலிருந்து நம்ம ஊர்க் குண்டு மிளகாய் ஒரு படி வந்தது. உமையாள் குழந்தையைச் சுற்றிப் போட்டாள். தெருக்கோடி வரைக்கும் இருமினோம், கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்தோம், கண்ணும் இல்லை கிண்ணும் இல்லை, அந்தச் சீமை மிளகாயின் பிறவிக் குணமே அதுதான் என்று அப்போதுதான் எங்கள் மரமண்டைக்கு உறைத்தது. சிரித்து முடித்தபோது மங்களேஸ்வரி காலி ஆகிக்கொண்டிருந்த சாக்கைச் சுருட்டி மார்போடு கட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு எங்களுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அது எப்படிப் பேசுகிறது என்பதற்கு ஊரில் யாரோ ஒரு விளக்கம் சொன்னார்கள், எல்லோரும் சரி என்று தலையாட்டினோம். அந்தக் கப்பலில் தமிழ் தெரிந்தவன் ஒருத்தன்கூட இல்லை என்று அவனே கடிதத்தில் எழுதியிருந்தான், பேச ஆளில்லாதவன் கையில் இருந்த மிளகாயிடம் பேசியிருப்பான். நம்ம ஊர் மிளகாயிடம் பேசினால் நிற்காது, அதில் விளிம்பு வரைக்கும் காரம் இருக்கிறது, இதில் காரம் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது, பேச்சு போய் உட்கார்ந்துகொண்டது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு ஊர் கூடி ஒரு முறை வைத்தோம். வெள்ளிக்கிழமை காலையில், வாரத்துக்கு ஒன்று, மங்களேஸ்வரி கையால், அவள் வீட்டு அடுப்பில். அவள் ஒவ்வொரு மிளகாயையும் காம்பு கிள்ளி, விதையை ஒரு சிரட்டையில் உதிர்த்துவிட்டு, வெறும் தோலைத் தீயில் வைப்பாள், விதை படபடவென்று வெடித்தால் அவன் சொல்வது காதில் விழாது. நாங்கள் முற்றத்தில் உட்கார்ந்து கேட்போம். எங்களுக்கும் அது ஒரு பழக்கமாகிவிட்டது. ரசத்துக்குப் பெருங்காயத்தை எப்போது போட வேண்டும் என்று அவன் சொன்னதைக் கேட்டு ஊரில் பாதி வீடுகளில் ரசம் மாறிப்போனது; எவனோ ஒரு கப்பல்காரன் முட்டையைப் பச்சையாகக் குடிக்கிறான் என்று அவன் புலம்பினதற்கு எங்கள் பெண்கள் "ச்சீ" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, "மங்கா, உன் கொலுசு ஒத்தையாத்தான சத்தம் போடும், அத இன்னும் சரி பண்ணலையா?" என்றான். அவள் எங்கள் எல்லோர் முன்னாலும் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். அடுத்த வாரமே ஊரில் யாருக்கும் சொல்லாமல் கமுதிக்குப் போய்க் கொலுசைச் சரி செய்துகொண்டு வந்தாள், எங்களுக்கெல்லாம் தெரியும்.

ஆனால் அவள் காத்திருந்தது ஒரே ஒரு வார்த்தைக்கு. ஏன் இறங்கினான்? அதைச் சொன்ன மிளகாயை நாங்களே எவன் வீட்டு மாட்டுக்காவது சுற்றிப் போட்டுவிட்டோமோ என்ற பயம் எங்களுக்கு உள்ளுக்குள் இருந்தது. உமையாள் மட்டும் ஒவ்வொரு வாரமும் எழுந்து போகும்போது, "எந்தம்பிக்கு எள்ளுந் தண்ணியும் விடாம வச்சிருக்கியேடீ" என்பாள். மங்களேஸ்வரி விதைச் சிரட்டையை எடுத்து உள்ளே வைப்பாள்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சாக்கின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசி மிளகாயைத் தீயில் வைத்தாள். அன்றைக்கு மூக்கையூர்க் கடற்கரையிலிருந்து இன்னாசி என்கிற கப்பல்காரனும் வந்திருந்தான், பேசுகிற மிளகாயைப் பற்றிக் கேள்விப்பட்டு. மிளகாய் உப்பியது. வழிவிட்டான் மெதுவாகப் பேசினான், பக்கத்தில் யாருக்கோ தெரியாமல் பேசுகிற மாதிரி.

"பழைய மிளகா தீந்து இன்னைக்குத்தான் இந்த மிளகாயக் கொழம்புல போட்டேன். அஞ்சு போட்டேன், பத்து போட்டேன், இருபது போட்டேன், காரமே தெரியல. பச்சையாக் கடிச்சுப் பாத்தேன், இனிக்குது. மிளகா இனிக்குதுய்யா எனக்கு. அப்பாவுக்கு ஆன மாதிரியே ஆயிருச்சு. இன்னும் பத்து நாளு. செத்தா இங்க கடல்லதான் தூக்கிப் போடுவாங்க, மீனு தின்னுரும். நான் கரையில எறங்கிக்கிறேன். எந்த ஊரு மண்ணா இருந்தா என்ன, மண்ணுல படுத்துக்கிறேன்."

முற்றத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் அந்த மிளகாயைத் தின்றிருந்தோம். யாரோ ஒரு பெண் தன்னை மீறிக் களுக்கென்று சிரித்துவிட்டு, உடனே வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். மங்களேஸ்வரி எழுந்து நின்றாள்.

"அட கூறுகெட்ட மனுசா," என்றாள் அடுப்பைப் பார்த்து. "உங்க நாக்குக்கு ஒண்ணுமில்லய்யா, அது மிளகாயோட கொறதான!" பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "அவுக சாகல. சாகுறதுக்கு என்ன நோவு இருக்கு? ஒரு நோவும் இல்ல. அந்த ஊர்ல எங்கிட்டோ ஒக்காந்து சாவு வரும் வரும்னு பாத்துக்கிட்டிருக்காக. யாராச்சும் போய் ஒரு வார்த்த சொன்னாப் போதும்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நாங்கள் அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. உமையாள்கூட அன்றைக்குத் தண்ணீர் விடுவதைப் பற்றிப் பேசவில்லை.

யார் போவது? எங்களில் பலர் ராமநாதபுரம் தாண்டினதில்லை. இன்னாசிதான், "என் கப்பலு அடுத்த வருசம் அந்தப் பக்கந்தான் போகுதுக்கா, ஆனா அவரு மூஞ்சி எனக்குத் தெரியாதே, அம்புட்டுப் பெரிய ஊர்ல எப்பிடித் தேடுவேன்?" என்றான்.

"நீ தேட வேணாம் தம்பி," என்றாள் மங்களேஸ்வரி. "அவுக காதுல விழுந்தாப் போதும்." சிரட்டையில் சேர்ந்திருந்த விதையைக் காட்டினாள்.

புரட்டாசியில் விதைத்தாள். கண்மாய் ஓரத்துப் பாத்தியில், நம்ம மிளகாயிலிருந்து தள்ளி, மகரந்தத்தோடு காரம் பறந்து வந்து ஒட்டிவிடக் கூடாது என்று நடுவில் ஆள் உயரத்துக்குச் சோளம் போட்டாள். செடி பூத்த நாளிலிருந்து காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, ஒவ்வொரு செடியிடமும் குனிந்து அதே வார்த்தைகளைச் சொன்னாள். வேறு எதுவும் பேசவில்லை. மிளகாய்க்குள் இருக்கிற இடத்தில் வேண்டாத பேச்சு போய் நிறைந்துவிடுமோ என்று வயல் பக்கம் இருமக்கூட மாட்டாள். பழம் பறிக்கப் போன பெண்களுக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு, கூவனேந்தல் பெண்கள் செய்ததிலேயே பெரிய தியாகம் அதுதான். களத்தில் காயப்போட்ட இருபது நாளும் ஊரே அந்தப் பக்கம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தது. காய்ந்த பிறகு ஒன்றே ஒன்றை எடுத்து அடுப்பில் வைத்துப் பார்த்தோம். மங்களேஸ்வரியின் குரல் தெளிவாக வந்தது: "உங்க நாக்குக்கு ஒண்ணுமில்ல. அந்த ஊரு மிளகாயே அப்படித்தான். கெளம்பி வாங்க."

சாக்கைத் தைத்து இன்னாசியிடம் கொடுத்தோம். சந்தையில் எத்தனை அடுப்பு எரிகிறதோ அத்தனையிலும் ஒவ்வொன்று போட வேண்டும் என்று சொல்லியனுப்பினோம்.

ஒரு வருஷம் ஆனது. மங்களேஸ்வரி வாசலைத் தினமும் இரண்டு தடவை தெளித்தாள். கொலுசு இரண்டு காலிலும் சத்தம் போட்டது. வந்தால் சுற்றிப் போட வேண்டுமே என்று அடுப்பில் தணலை அணையவிடவே இல்லை.

இன்னாசி ஒரு சித்திரை மாதக் காலையில் தனியாக வந்தான். பஸ்ஸிலிருந்து அவனுக்குப் பின்னால் யாரும் இறங்கவில்லை என்பதைப் பார்த்த பிறகும் பஸ் புறப்பட்டுப் போகிற வரைக்கும் நாங்கள் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மங்களேஸ்வரி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டுச் சொன்னான். அந்த ஊர்ச் சந்தையில் பெண்கள் மண் தட்டை அடுப்பில் வைத்து மிளகாயை வாட்டித்தான் அரைப்பார்களாம், ஆளுக்கொன்றாகக் கொடுத்தானாம், தட்டில் பட்டதும் சந்தை முழுக்க மங்களேஸ்வரியின் குரல், கெளம்பி வாங்க, கெளம்பி வாங்க என்று அடுப்புக்கு அடுப்பு. அங்கேயும் யாரும் ஆச்சரியப்படவில்லையாம், வெளிதேசத்து மிளகாய் இப்படித்தான் போலிருக்கிறது என்று வாட்டி முடித்து அரைத்துவிட்டார்களாம். ஒரே ஒருத்தி மட்டும், அந்தப் பேச்சை முன்பே கேட்டவள் மாதிரி, தட்டை இறக்கி வைத்துவிட்டாள். முன்பல் இல்லாத, நம்ம உமையாளக்கா வயசிருக்கிற மிளகாய்க்காரி. அவள் எழுந்து வந்து இன்னாசியின் முகத்தையும் நிறத்தையும் பார்த்து, அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"எங்க கூட்டிட்டுப் போனா?" என்றாள் மங்களேஸ்வரி.

"கல்லறைக்கு அக்கா."

இன்னாசி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவள் பாஷை அவனுக்குத் தெரியாது, கையால்தான் சொன்னாளாம். ஒரு ஆள் வந்தான், என் கடைக்கு முன்னால் உட்கார்ந்தான், தினமும் அதே கறுத்த மிளகாயில் ஒன்றை வாங்கிக் கடிப்பான், தலையை ஆட்டுவான், அழுவான். பத்து விரலைக் காட்டினாளாம். பிறகு உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக் காட்டினாளாம். ஒரு நோவும் இல்லாத ஆள், பத்தாம் நாள் வரும் என்று நம்பினான், வந்துவிட்டது. போட்டிருந்த சட்டையோடேயே அவர்கள் புதைத்திருக்கிறார்கள்.

"அந்தக் குழிமேல ஒரு செடி நிக்குதுக்கா," என்றான் இன்னாசி. "இடுப்பு ஒசரம். நெஞ்சுக்கு நேரா மொளச்சிருக்கு. நம்ம குண்டு மிளகா. அந்த ஊர்ல எவனாலயும் அதத் திங்க முடியல. ஒருத்தன் தெரியாமக் கடிச்சுட்டு ரெண்டு நாளு தண்ணித் தொட்டியிலயே கெடந்தானாம். செத்தவன் ரொம்பக் கோவக்காரன்னு நெனச்சுக்கிட்டு, கோவம் தணியட்டும்னு மெழுகுவத்தி ஏத்தி, ரொட்டியும் பூவும் வச்சுட்டுப் போறாக." மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். "செடியில இருந்து நானேதான் பறிச்சேன்."

உள்ளே ஏழெட்டு மிளகாய், கோலிக்குண்டு அளவில், கண்மாய்க் கரிசலில் விளைந்தவை போலவே பளபளவென்று சிவப்பாக. மங்களேஸ்வரி அவற்றைத் தரையில் கொட்டி ஏழை மட்டும் பிரித்தெடுத்தாள். எழுந்து அடுப்படிப் பக்கம் போனவள், ஏதோ மறந்த மாதிரித் திரும்பி வாசலுக்கு வந்தாள்.

"யாரடீ சுத்தப் போற?" என்றாள் உமையாள், பாதிக் குரலில்.

மங்களேஸ்வரி வாசலில், பஸ்ஸைவிட்டு இறங்கி வருகிறவன் நிற்க வேண்டிய இடத்தில், ஒரு ஆள் உயரத்துக்குக் கையைத் தூக்கி, ஒன்றும் இல்லாத அந்த இடத்தை வலமாக மூன்று தடவை, இடமாக மூன்று தடவை சுற்றினாள். தலை எது, கால் எது என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. பிறகு உள்ளே போய் அடுப்பில் போட்டாள்.

இது ஒன்றும் பேசவில்லை. இதில் பேச்சுக்கு ஏது இடம்? கமறல் கிளம்பியது, கூரை வழியாக, ஜன்னல் வழியாக, தெருவுக்கு வந்தது, கூவனேந்தலில் அதுவரைக்கும் எந்த மிளகாயும் அப்படிக் கமறினதில்லை. பெரியவர்கள் இருமினார்கள், குழந்தைகள் தும்மின, மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தின, நாங்கள் முந்தானையிலும் துண்டிலும் முகத்தைப் பொத்திக்கொண்டு முற்றம் முழுக்கக் குனிந்து கிடந்தோம். எந்தக் கண்ணும் அவன்மேல் பட்டிருக்கவில்லை, எந்தக் கெட்டதும் அவனோடு போகவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

மங்களேஸ்வரி மட்டும் அடுப்புக்கு முன்னாலிருந்து நகரவில்லை. இந்த இரண்டரை வருஷத்தில் அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை. இப்போது கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட, மூச்சு முட்ட இருமிக்கொண்டே அவள் தன் நெஞ்சின் இடது பக்கத்தை, ஆம்பளைச் சட்டையில் பை இருக்கிற இடத்தை, உள்ளங்கையால் அடித்துக்கொண்டாள்.

"இங்கனயேதான்யா இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணக் கடிச்சிருந்தாத் தெரிஞ்சிருக்குமே." உமையாள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். மங்களேஸ்வரி அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "கடிக்காதீங்கன்னு நாந்தான மதினி சத்தியம் வாங்குனேன்."